நல்ல ஒலிக்கு யார் விலை வைத்தது?

உங்கள் ஹாலில் இருக்கும் டி.வி.யைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். விரல் கனம்தான் இருக்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கோன் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளினால்தான் நமக்கு ஒலி. விரல் கனத்துக்குள் அது எவ்வளவு அசைய முடியும்? பழைய குண்டு டி.வி.யில் படக்குழாய்க்குப் பக்கத்தில் ஸ்பீக்கருக்கென்று இடம் இருந்தது. அது நம்மைப் பார்த்தபடி பேசியது. இப்போது பெரும்பாலான டி.வி.களில் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பேசுகிறது. செய்தி வாசிப்பவர் சொல்வது புரியாமல் வால்யூமைக் கூட்டுகிறோம், விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுகிறோம்.

பண்டிகைத் தள்ளுபடி நெருங்கும்போதெல்லாம் நம் குடியிருப்பில் இதே கேள்விதான். சின்ன சவுண்ட்பார் போதுமா, பெரிய ஹோம் தியேட்டர் வேண்டுமா, எவ்வளவு செலவு செய்தால் நன்றாகக் கேட்கும்? இதற்குப் பதில் தேடினால் சென்னையின் நூறு வருடக் கதை ஒன்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கதை முழுக்க, ஒலிக்கு விலை வைத்தது உரிமமும் சுங்க வரியும் பெட்டியின் பளபளப்பும்தான். காதுக்கு அதில் பெரிய பங்கு இருந்ததில்லை.

1924 ஜூலை 31 அன்று சென்னையில் முதல் வானொலி ஒலிபரப்பு நடந்தது. நடத்தியது அரசு அல்ல, சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப். ஆர்வலர்கள் கூடி நடத்திய கிளப், 1927-ல் பணம் இல்லாமல் நின்றுபோனது. பிறகு சென்னை மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டு 1930 முதல் நடத்தியது. அன்றைக்கு ரேடியோ பெட்டி வாங்கும் வசதி எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்? மாநகராட்சி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. மணலில் உட்கார்ந்தால் கச்சேரி இலவசம். சாதாரணச் சென்னைவாசிக்குக் கட்டுப்படியான முதல் ஆடியோ அதுதான் என்பேன். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது, அடுத்த ஆண்டு திருச்சி.

வீட்டுக்குள் ரேடியோ வந்தபோது கூடவே உரிமமும் வந்தது. ரேடியோ வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரை இந்த ஏற்பாடு இருந்தது என்பதை நம் குடியிருப்பின் இளைய தலைமுறை நம்பாது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: "அந்த வால்வு ரேடியோ மாதிரி வராதுப்பா." இதில் பழங்கால ஏக்கம் பாதி, உண்மை பாதி. மர்ஃபியோ புஷ்ஷோ பிலிப்ஸோ, அந்த மேசை ரேடியோவில் உள்ளங்கையைவிடப் பெரிய ஸ்பீக்கர் ஒன்று மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தது. வால்வைவிட அந்தப் பெரிய கோனும் மரப்பெட்டியும்தான் குரலுக்குக் கனம் கொடுத்தன. பின்னால் வந்த கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வயல் வரப்புக்கும் கூடவே வரும் வசதி இருந்தது. அந்தக் கனம் இல்லை.

வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. நல்ல டேப் ரெக்கார்டர் வேண்டுமென்றால் இரண்டு வழி. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாராவது ஊருக்கு வரும்போது நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களுக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்தருகே உருவான அந்தக் கடை வரிசையில், பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு இன்னொரு விலை.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. எனக்குப் பிடித்தது அதுதான். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிட்சி தெரு, நரசிங்கபுரம் தெருப் பக்கம் போனால் டிரான்ஸ்பார்மர், கண்டன்சர், கன்ட்ரோல், ஸ்பீக்கர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். ஊரில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருப்பார். பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களிலேயே டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கியிருந்தது. 1969-ல் டெல்லியிலிருந்து 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழ் வரத் தொடங்கி சர்க்யூட் படங்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஆச்சாரியிடம் சொல்லி ஒட்டுப்பலகையில் பெட்டி செய்துகொண்டால் 'அசெம்பிள் செட்' தயார். 2N3055 என்ற தட்டையான உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரை அந்தக் கால மெக்கானிக் எவரும் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார். பிறகு சான்யோவின் எஸ்.டி.கே. ஐ.சி.கள், அதன்பின் 4440 போர்டு. டீக்கடை, சலூன், டவுன் பஸ் என்று தமிழ்நாடு கேட்ட பாட்டில் பெரும்பகுதி இப்படிக் கட்டிய செட்டுகளிலிருந்து வந்ததுதான். கம்பெனி செட்டின் விலையில் பெரும்பகுதி வரிக்கும் பெயருக்கும் போனது. அசெம்பிள் செட்டில் அந்தப் பகுதியை அப்படியே வெட்டிவிட்டார்கள்.

அந்தக் காலச் சலூன்களில் இன்னொரு காட்சியும் உண்டு. மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பொருத்தி மூலையில் வைத்திருப்பார்கள். 'தும்தும்' என்று பாஸ் வரும். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் விஷயம் ஆழமானது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்; முதலில் சாவது பாஸ். பானை அந்தப் பின்காற்றை உள்ளேயே அடைத்துவைக்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்சர் 1954-ல் இந்த அடைபட்ட காற்றை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்தினார். நன்றாகத் தளர்ந்து அசையும் கோனை இறுக மூடிய சிறு பெட்டியில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். ஏ.ஆர்-1 என்று அதற்குப் பெயர். அதுவரை அலமாரி அளவுப் பெட்டி கொடுத்த பாஸை, புத்தக அலமாரியில் வைக்கும் பெட்டி கொடுத்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீலே 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்று கணக்குப் போடும் சூத்திரங்களைத் தந்துவிட்டார்கள். நல்ல ஒலி பெரிய கம்பெனிகளின் ரகசியமாக இருந்த காலம் ஏறக்குறைய அதோடு முடிந்தது.

கேசட் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நம்மில் பாதிப்பேர் அதில் வளர்ந்தவர்கள். காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதி, காலி டி.டி.கே. கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தது நினைவிருக்கும். ஒரு தகவல் மட்டும்: இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் தொடங்கியது சென்னையில்தான். அதைக் கேட்க எஃப்.எம். உள்ள பெட்டி வேண்டும். நம்மில் பலர் வீட்டில் இருந்ததோ மீடியம் வேவும் ஷார்ட் வேவும் மட்டும் எடுக்கும் ரேடியோ. இலங்கை வானொலிக்கும் விவித் பாரதிக்கும் அது போதும். கரகரப்பில்லாத ஒலி காற்றில் இருந்தும் கைக்கு எட்டவில்லை.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 1992-ல் 'ரோஜா' பாடல்கள் வந்தபோது, வீட்டு டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரில் அந்தப் பாஸ் முழுதாக வரவில்லை என்று பலர் கண்டுபிடித்தார்கள். விற்பனையாளர்களுக்கு அது போதாதா? மூன்றடுக்கு மினி சிஸ்டம்கள் வந்தன. முகப்பில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று தங்க எழுத்து. இந்த பி.எம்.பி.ஓ.வுக்கு முறையான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு வரக்கூடிய உச்சத்தை எடுத்து, கம்பெனி விரும்பிய எண்ணால் பெருக்கிக்கொள்வது. அதே பெட்டியின் முதுகில், ஸ்டிக்கரில், மின்சாரச் செலவு 40 வாட் என்றோ 60 வாட் என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் இழுக்கும் பெட்டி ஆயிரம் வாட் பாட முடியாது. இன்றைக்கும் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் வாட்தான் கணக்கு. நம் ஹால் அளவுக்கு நல்ல ஸ்பீக்கரோடு சேர்ந்தால் பக்கத்துக்கு 20 வாட் தாராளம்.

இந்த நேரத்தில்தான் கதை நம் ஊருக்கு வருகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-ல் நோக்கியா, 2007-ல் சாம்சங் என்று ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரம் தொழிற்சாலை ஊரானது. நம் குடியிருப்பே அதனால் வந்ததுதான். வெளிநாட்டுச் சாமானுக்காக பர்மா பஜாரில் கைகட்டி நின்ற மாநிலம், அந்தச் சாமானைத் தானே செய்யத் தொடங்கியது. ஆனால் விலை வைக்கும் கை மாறவில்லை. 2018-ல் டி.வி. பேனலுக்கான சுங்க வரியால் கட்டுப்படியாகாமல் சாம்சங் இங்கே டி.வி. செய்வதை நிறுத்தி வியட்நாமிலிருந்து கொண்டுவந்தது. 2019 செப்டம்பரில் அந்த வரி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 5 சதவீதமாகத் திரும்பி வந்தது. கடையில் நீங்கள் பார்க்கும் விலைச்சீட்டில் இந்தப் போக்குவரத்து எல்லாம் அடக்கம்.

தோற்றம் விலையைத் தூக்குவதற்கும் சாட்சி உண்டு. 1994-ல் ஹார்மன் நிறுவனத்தில் ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் தங்கள் ஊழியர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முதலில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு திரையை விலக்கி மறுபடி வாங்கினார்கள். கண்ணால் பார்த்ததும் பெரிய, பார்வைக்கு எடுப்பான பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான பெட்டியின் மதிப்பெண் இறங்கியது. இத்தனைக்கும் அவர்கள் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். (அந்த ஹார்மன் 2017 முதல் சாம்சங்கின் கையில்.)

ஆகவே இன்றைக்கு என்ன செய்யலாம்? என் கருத்து இது, உடன்படாதவர்கள் அடுத்த இதழில் எழுதலாம். வசனம் மட்டும் தெளிவாகக் கேட்டால் போதும் என்றால் சாதாரண சவுண்ட்பார் போதும். பாட்டு கேட்பவர் என்றால் இடது, வலது என்று தனித்தனியாக இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் வாங்குங்கள்; பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகட்டும். ஆம்ப்ளிஃபயரில் மிச்சம் பிடிக்கலாம். எச்.டி.எம்.ஐ. இல்லை, புளூடூத் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல பழைய ஸ்டீரியோ ஆம்ப்கள் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. டி.வி.யின் ஆப்டிகல் அவுட்டுக்கு ஒரு சிறு கன்வெர்ட்டர் போட்டால் அவை இன்றைய டி.வி.யோடு சேரும். புதிதாகத்தான் வேண்டுமென்றால் உள்ளங்கை அளவு கிளாஸ்-டி போர்டுகள் ரிட்சி தெருவில் கிடைக்கின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ. 3116 சிப் உள்ள போர்டுக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே போதும். 4440 போர்டின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத பகுதி ஹால்தான். விட்ரிஃபைட் டைல், வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடிக் கதவு: நம் எல்லா வீடுகளும் இப்படித்தான், எல்லாவற்றிலும் ஒலி எதிரொலித்துக் கலங்கும். கனமான திரைச்சீலை, ஒரு ஜமக்காளம், துணி சோபா இருந்தால் குரல் தெளியும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் கூடும். அந்தப் பாஸ் கான்கிரீட் வழியாக நேரே கீழ்வீட்டுக்கும் போகும். ட்ரெபிள் சுவரில் நின்றுவிடும், பாஸ் நிற்காது. சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கால்களுக்குக் கீழே ரப்பர் வைத்தாலே கீழ்வீட்டார் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவில் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு இது தெரியாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக, லாஃப்டில் பழைய ஸ்பீக்கர் பெட்டி கிடந்தால் மின்னணுக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுத்துவிடாதீர்கள். முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் ஊர் வெயிலுக்குப் பொடிந்து போயிருக்கும். பெட்டியும் காந்தமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோன், காயில் மாற்றித் தருபவர்கள் ரிட்சி தெருப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முழுப் பெட்டியைச் சுமக்க வேண்டாம், ஸ்பீக்கரை மட்டும் கழற்றிக்கொண்டு போங்கள். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.