தேடாதவர்களின் மர்மம்: ‘மண்டேஸ் நாட் கமிங்’ நாவலின் துப்பறியும் வடிவம்

குற்றவாளி மறைக்கிறான், துப்பறிவாளர் தேடுகிறார், விடை கிடைத்ததும் குலைந்த ஒழுங்கு மீள்கிறது. துப்பறியும் புனைவு வாசகரோடு செய்துகொண்ட வழமையான உடன்படிக்கை இது. அமெரிக்க எழுத்தாளர் டிஃபனி டி. ஜாக்சன் 2018இல் வெளியிட்ட ‘மண்டேஸ் நாட் கமிங்’ என்னும் இளையோர் நாவல் இதை முறிக்கிறது. அதில் மர்மத்தை நீட்டிப்பது தேட வேண்டியவர்களின் அசட்டையே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கதைக்களம் வாஷிங்டன் நகரின் தென்கிழக்குப் பகுதி. கோடை விடுமுறையைப் பாட்டி வீட்டில் கழித்துத் திரும்பும் கிளாடியா, உயிர்த்தோழி மண்டே சார்ல்ஸ் பள்ளிக்கு வராததைக் காண்கிறாள். மண்டேயின் தாயிடமோ அக்காவிடமோ நேரான பதில் இல்லை. பள்ளியும் காவல்துறையும் அவள் பதற்றத்தைப் பொருட்படுத்தவில்லை.

செவ்வியல் துப்பறியும் கதையில் தடயம் ஒளிந்திருக்கும். இங்கே அது எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது. பள்ளிச் சிறுமி ஒருத்தி மாதக்கணக்கில் வகுப்பில் இல்லை என்பதைவிடப் பெரிய தடயம் வேண்டியதில்லை. கிளாடியாவுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உண்டு. அதை மறைத்துச் சமாளிக்க உதவியவள் மண்டே. எழுத்தில் தடுமாறும் இந்தப் பெண்தான், பெரியவர்கள் காண மறுத்ததைக் காண்கிறாள்.

‘முன்பு’, ‘பின்பு’ என்ற தலைப்புகளில் அத்தியாயங்கள் காலம் மாறி மாறி வருகின்றன. மண்டே இறந்ததைக் கிளாடியா ஏற்கெனவே அறிந்திருந்தாள், அதிர்ச்சி அந்நினைவை அழித்துவிட்டது என்பது இறுதியில்தான் தெரிகிறது. இது வாசகரை ஏமாற்றும் உத்தி எனலாம். ஆனால் தலைப்புகள் தொடக்கத்திலிருந்தே காலத்தைக் குறிக்கின்றன. ஏமாறுபவர்களில் முதலாமவள் கதைசொல்லியான கிளாடியாவே. நினைவு அழிந்தவள் மறந்தும் தேடுகிறாள். நினைவு தெளிந்த ஊர் தேடவே இல்லை. இந்த முரணைக் காட்டவே காலம் கலைக்கப்பட்டிருக்கிறது.

நாவலுக்குச் சமூகப் பின்புலமும் உண்டு. வாஷிங்டன் காவல்துறை 2017இல் காணாமல் போனோர் பற்றிய அறிவிப்புகளைச் சமூக ஊடகத்தில் அடிக்கடி வெளியிட்டபோது, கறுப்பினச் சிறுமிகள் குறித்துப் பெரும் அச்சம் எழுந்தது. எண்ணிக்கை கூடவில்லை, அறிவிப்புகளே கூடின என்றது காவல்துறை. ஆறுதலாகச் சொன்ன அந்த விளக்கமே குற்றச்சாட்டாகவும் நிற்கிறது: அதுவரை இத்தனை பேர் பொதுக் கவனத்துக்கு வராமலே காணாமல் போயிருக்கிறார்கள்.

நாவலுக்குக் குறையும் உண்டு. முடிவில் கவனம் முழுவதும் கிளாடியாவின் மனக்காயத்துக்குள் திரும்புவதால், நிறுவனங்களின் பொறுப்பு பின்னுக்குப் போகிறது. விடை தெரிந்தும் ஒழுங்கு மீளாதபடி விட்டிருப்பதோ அதன் நேர்மை. 2019இல் கொரெட்டா ஸ்காட் கிங் – ஜான் ஸ்டெப்டோ புதுத்திறன் விருது பெற்ற இந்நூல், திறனாய்வுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது: குற்றவாளி யார் என்பதோடு, காணாமல் போனதை யார், எப்போது கவனித்தார்கள் என்பதையும் இளையோர் மர்மப் புனைவிடம் நாம் கேட்க வேண்டும்.