கார்பன் காட்டிய எல்லைக்கல்

நில அளவையராக முப்பது வருடம் சங்கிலியும் கையுமாக அலைந்தவன் நான். இரண்டு ஊர்ப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் சில சமயம் எல்லைக்கோடு சேராது. இரண்டிலும் குறித்திருக்கும் ஒரு பொதுக் கல்லைக் கண்டுபிடித்தால்தான் தகராறு தீரும். பூமியின் வரலாற்றை அளப்பவர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது.

சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பேலியோசீன் காலம் முடிந்து இயோசீன் காலம் தொடங்கியது. கடல் படிவுகளை ஆராய்ந்தவர்கள் நுண்ணுயிர்களின் ஓடுகளை வைத்து அங்கே ஒரு கோடு போட்டார்கள். நிலத்தில் தோண்டியவர்கள் விலங்குகளின் எலும்பை வைத்து வேறு கோடு போட்டார்கள். நடுவே லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளி!

தீர்த்து வைத்தது கார்பன். அதில் 12 என்ற லேசான வகையும் 13 என்ற கனமான வகையும் உண்டு. கனமானது நூற்றில் ஒரு பங்குதான். செடிகொடிகள் லேசானதையே விரும்பி எடுக்கும். உயிர்ப்பொருளில் சேர்ந்த அந்த லேசான கார்பன் பெருமளவில் வெளிப்பட்டால், காற்றிலும் கடலிலும் 13-இன் பங்கு குறையும். கடலின் நுண்ணுயிர்கள் அந்தக் கார்பனால் ஓடு கட்டிக்கொள்ளும்; செத்தபின் ஓடு அடியில் படியும். சேற்றிலேயே கணக்கு பதிவாகிவிடும்.

அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலின் அடியில் துளையிட்டு எடுத்த படிவில் 13 திடீரென்று சரிந்திருப்பதை 1991-ல் கென்னட், ஸ்டாட் இருவரும் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் வயோமிங்கில், ஃபெனகோடஸ் என்ற அழிந்துபோன விலங்கின் பற்களிலும் பழைய மண்ணின் சுண்ணாம்புக் கட்டிகளிலும் அதே சரிவு கிடைத்தது. கடலுக்கும் நிலத்துக்கும் பொதுக் கல் அகப்பட்டுவிட்டது.

எகிப்தில் லக்சருக்குத் தெற்கே டபாபியா என்ற இடத்தில் ஒரு கல்குவாரி. அங்கே அந்தச் சரிவு தொடங்கும் அடுக்கையே இயோசீனின் ஆரம்பமாக 2003-ல் சர்வதேச புவியறிவியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது.

அந்தச் சரிவோடு உலகம் சுமார் 5 டிகிரி சூடேறியது. ஆழ்கடலில் பல நுண்ணுயிர் இனங்கள் அழிந்தன. பழைய நிலை திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நிலக்கரியும் பெட்ரோலும் பழைய உயிர்களின் மிச்சம்தானே? அவற்றை எரிப்பதால் இன்றும் காற்றில் 13-இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது, அன்றைவிட வேகமாக.

கல் நடுவதற்கு முன் பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பது எங்கள் வழக்கம். இப்போது நாம் நட்டுக்கொண்டிருக்கும் கல்லுக்கு நம் பேரப்பிள்ளைகள் யாருக்கும் நோட்டீஸ் போகவில்லை.