அரசியின் பெயரும் அன்னை வழியும்



மக்கட் பெயர்களுள் சில, அவற்றைத் தாங்கியவர் மறைந்த பின்னரும் ஒரு குலத்தின் வரலாற்றைச் சுமந்து நிற்கும். கொரிய நாட்டிலே போற்றப்படும் ஹோ ஹுவாங் ஓக் என்னும் அரசியின் பெயர் அத்தகையது.

‘ஹோ’ என்பது குடும்பப் பெயர். கொரியர் அதனையே முதலிற் கூறுவர். ‘ஹுவாங் ஓக்’ என்பது அவளுக்கு இட்ட பெயர். சீன எழுத்தில் அமைந்த அதன் பொருள் மஞ்சள் நிற மணிக்கல் என்பதாம். அக்கல்லைக் கீழை நாட்டார் தூய்மைக்கும் நற்பண்புக்கும் அறிகுறியாகக் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கொரியர் யோங் ஓக், சுன் ஓக் என்றெல்லாம் தம் பெண்மக்களுக்குப் பெயர் சூட்டினர். நம்மவர் முத்து, பவளம், மாணிக்கம் எனப் பெயரிடுவதை இஃது ஒக்கும்.

13ஆம் நூற்றாண்டிலே இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ என்ற நூல் இவ்வரசியின் கதையைக் கூறுகிறது. அயுதா என்னும் நாட்டின் இளவரசியாகிய அவள், கி.பி. 48இல், தன் பதினாறாம் வயதில், செந்நிறப் பாய் விரித்த மரக்கலமேறி வந்து, காயா நாட்டு மன்னன் சூரோவை மணந்தாளாம்.

அயுதா எந்நாடு? அயோத்தியே என்பார் சிலர். 2001இல் அங்கு அவளுக்கு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. குமரிமுனையை அடுத்த ஆய் நாடு என்றும், அவள் பெயர் செம்பவளம் என்றும் கூறுவார் தமிழருள் உளர். ஆனால் மஞ்சள் செம்மையாகாது; மணிக்கல் பவளமாகாது. நூலோ அரசியின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. ஊர்ப்பெயரின் ஒலி ஒப்புமை ஒன்றைக்கொண்டு உரிமை பாராட்டுதல் வரலாற்று நெறியன்று.

உறவு ஐயத்துக்குரியதாயினும், நாம் எண்ணிப் பார்க்கத்தக்க ஒப்புமை ஒன்று உண்டு. அவ்வரசியின் புதல்வருள் இருவர் தந்தையின் கிம் என்ற பெயரை விடுத்து, தாயின் ஹோ என்ற பெயரைப் பூண்டனர் என்பது மரபு. ஆதலின் கிம்ஹே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம் குலத்தாரும் ஹோ குலத்தாரும் உடன்பிறந்தார் வழியினராகக் கருதப்பட்டுத் தம்முள் மணம் செய்யாதிருந்தனர்.

கோமாரி தொடக்கம் கல்முனை வரையுள்ள நம் கரையோரத்தாருக்கு இது புதுமையாகத் தோன்றாது. இங்கே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி என்பது தாய்வழியே வருவது. ஒரே குடியினர் தம்முள் மணம் கொள்ளாமையும் மரபு. பள்ளிவாசல் மரைக்காயர் பதவியும் குடி வழியே அமைந்து வந்தது.

எனினும் ஒரு குறை நோக்கற்பாலது. பிற்காலக் கொரியரின் வமிச ஏடுகளில் மகளின் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. மருமகனின் பெயரே எழுதப்பட்டது. 2008இலேதான், பெற்றோர் மணப்பதிவின்போது உடன்பட்டால் பிள்ளை தாயின் குடும்பப் பெயரைப் பெறலாம் என்ற சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. நாமோ, தாய்வழிக் குடியினர் என்று பெருமை பேசுகிறோம். அந்தத் தாயர் மூவர் நால்வரின் பெயர்களையேனும் வரிசைப்படக் கூறவல்லார் நம்முள் எத்துணைபேர்? ஹுவாங் ஓக்கின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம், அதனை ஒருவர் எழுதி வைத்தமையே. நம் வீடுகளிலுள்ள மூதாட்டியரிடம் அவர்தம் அன்னையர் பெயரை இன்றே கேட்டு எழுதி வைப்போமாக.