சர்வர் முடங்கினால் உரிமையும் முடங்கலாமா?

"சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்." கடலூரிலோ சிதம்பரத்திலோ இ-சேவை மையத்தில் காத்து நின்றோருக்கு இச்சொற்கள் புதியவை அல்ல. சாதிச் சான்றிதழுக்காக ஒருநாள் கூலியை விட்டு வந்தவருக்கு, அந்த 'நாளை' மேலும் ஒருநாள் கூலி இழப்பு. எனவே காப்பு சர்வரை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நாம் கருதுவதற்கில்லை.

ஒரே கணினியை நம்பிய சேவை, அக்கணினியோடு நின்றுவிடும். ஆகையால் பாதுகாப்பு இரண்டு அடுக்குகளாக அமைகிறது. முதலாவது, அதே மையத்தில் உடனே பணியை ஏற்கும் மற்றொரு சர்வர். இரண்டாவது, தொலைவிலுள்ள ஊரில் தரவுகளின் முழுப் பிரதியோடு இயங்கும் பேரிடர் மீட்பு மையம். தமிழக அரசின் தரவு மையம் சென்னையிலும், மீட்பு மையம் திருச்சியிலும் உள்ளன. சென்னையைச் சூழும் வெள்ளம் பிரதியையும் அழித்துவிடக் கூடாது என்பதே இந்தத் தொலைவின் பொருள். சேவை எவ்வளவு நேரத்தில் மீளும், எவ்வளவு நேரப் பதிவுகள் இழக்கப்படும் என்ற இரு கேள்விகளே இவ்வேற்பாட்டின் அளவுகோல்கள். ஒத்திகை பார்க்கப்படாத காப்பு, காப்பே அன்று.

ஆயினும் கடலூரின் பட்டறிவு வேறொன்றையும் உணர்த்துகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2015இல் வெள்ளம் சூழ்ந்தது. திருச்சியில் பிரதி பத்திரமாக இருந்தாலும், ஊரில் மின்சாரமும் இணைப்பும் இல்லையெனில் மக்களுக்குப் பயனில்லை. வேறு வழியாக வரும் இரண்டாவது இணைப்பு, ஜெனரேட்டர், இறுதியாகக் காகிதப் பதிவேடு ஆகியனவும் காப்பு ஏற்பாட்டின் பகுதிகளே.

சட்டம் இதனை முன்பே அறிந்துள்ளது. கெடு முடியும் நாளில் அலுவலகம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு. கதவு திறந்திருந்து சர்வர் மூடியிருக்கும் நாளுக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பதிவு செய்த தகவலின் நகலைப் புகார்தாரருக்கு உடனே வழங்குவதைப் பொது ஊழியரின் கடமையாக்குகிறது. வேண்டுமென்றே தவறினால் சிறைத்தண்டனை உண்டு. அக்கடமை இணைய இணைப்பைச் சார்ந்ததன்று.

நாம் கோருவன மூன்று. சர்வர் முடங்கிய நேரங்களை அரசு வெளியிட வேண்டும். அந்நேரத்தில் மனுவைக் காகிதத்தில் பெற்று, நாளும் நேரமும் குறித்த ஒப்புகை தர வேண்டும். கல்வி உதவித்தொகை உள்ளிட்டவற்றின் கெடு, முடங்கிய நாள்களின் அளவுக்கு நீட்டிக்கப்பட வேண்டும். அதுவரை, திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரும் அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. கெடு தவறியதாக மனு தள்ளப்படும் நாளில் அத்தாளே சான்று.