பண்ணையடிமை முறை (தமிழகம்)

பண்ணையடிமை முறை என்பது பிறப்பாலும் கடனாலும் மனிதரை நிலத்தோடு கட்டிவைத்து வேலை வாங்கிய ஏற்பாடு. சோழர் காலக் கல்வெட்டுகள் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை தமிழகத்தில் இதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் நடந்தது போன்ற அடிமைத்தனம் இங்கே இருந்ததில்லை என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை. இங்கும் ஆளை விற்றார்கள், அடகு வைத்தார்கள், கோயிலுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். அதற்கு ஓலை எழுதிச் சாட்சியும் வைத்தார்கள்.

இந்த வரலாறு நடுநாட்டையும் தொடும். கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை, செஞ்சி, திருவெண்ணெய்நல்லூர் ஆகியவை பழைய நடுநாட்டு ஊர்கள். கீழ்பென்னாத்தூர் அடங்கிய திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னார்க்காட்டில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டுக்குப் போய், 1989-இல் புதிய திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. அதனால் இந்த வட்டாரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்திகளைத் தென்னார்க்காட்டு ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

ஓலையும் கோயிலும்

இந்த மண்ணில் அடிமைமுறை எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்குப் பெரியபுராணமே சாட்சி. சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வரும் முதியவர் கையில் இருப்பது ஆளோலை, அதாவது அடிமைப் பத்திரம். பாட்டன் எழுதிக் கொடுத்தது பேரனையும் கட்டும் என்பது அவர் வாதம். வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது திருவெண்ணெய்நல்லூர்ச் சபை. அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா என்றுதான் சுந்தரர் மறுக்கிறார். மனிதருக்கு மனிதர் அடிமையாகலாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. பக்திக் கதைதான். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைக் கேட்டவர்களுக்கு ஆளோலையும் தலைமுறை அடிமையும் அதை உறுதிசெய்யும் ஊர்ச்சபையும் பழக்கப்பட்டவை.

கல்வெட்டுகள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. 1201-ஐ ஒட்டிய பஞ்சத்தில், சோழநாட்டுத் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார்கள். சிவன் கோயில் அடிமைகளுக்குச் சூலக் குறி இடும் வழக்கமும் இருந்தது. வாங்கியது கோயில், பதிந்தது ஊர், காத்தது அரசு. பொறுப்பைத் தனி ஒருவர்மேல் சுமத்த முடியாதபடி ஆரம்பத்திலேயே அது பலரிடம் பகிரப்பட்டிருந்தது.

கப்பலேறியவர்கள்

பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் பிடித்திருந்த டச்சுக் கம்பெனி, பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் அனுப்பியது. ஆங்கிலேயரின் சென்னையிலும் அடிமை ஏற்றுமதி நடந்தது. 1680-களில் தலைக்கு இவ்வளவு என்று தீர்வைகூட வசூலித்தார்கள். வாங்கியவர்கள் வெளிநாட்டார். பசித்தவர்களைத் துறைமுகம் வரை கொண்டுவந்து விற்றவர்கள் உள்ளூர்த் தரகர்கள். இந்த இரண்டாவது வாக்கியம் நம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

பண்ணையாள், படியாள்

காவிரிப் படுகையிலும் செங்கல்பட்டு, தென்னார்க்காடு நன்செய் ஊர்களிலும் உழவு, நடவு, அறுப்பு எல்லாவற்றையும் செய்தவர்கள் பண்ணையாட்கள். பெரும்பாலோர் பறையர், பள்ளர் சமூகத்தினர். கூலி களத்தில் அளக்கும் நெல்; கல்யாணத்துக்கும் சாவுக்கும் நிலவுடைமையாளரான மிராசுதார் கொடுக்கும் கடன் பிள்ளையின் தலையில் ஏறும். நிலம் கைமாறும்போது ஆளும் சேர்ந்து கைமாறிய ஆவணங்கள் உண்டு. படியாள் என்பவர் வாங்கிய பணத்துக்காகக் கட்டுண்டவர். பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்பது பேச்சு. கட்ட முடிந்தவர் அரிது.

1819-இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைகள் நிலை பற்றி அறிக்கை கேட்டது. இந்த அடிமைத்தனம் மென்மையானது, பஞ்சத்தில் சோறு போடுகிறது என்ற வாதம் அப்போதைய அதிகாரிகள் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் எளிது. நிலவரியே ஆங்கிலேயக் கம்பெனியின் முதன்மை வருமானம். உழுகிற கை விடுபட்டுப் போனால் வரி விழும். மிராசுதாரின் நலனும் சர்க்காரின் நலனும் அந்த ஒரு புள்ளியில் கை கோத்தன.

ஒழிப்பும் அதன் காரணங்களும்

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளும் இலங்கையும் விலக்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகள் முதலான இடங்களில் அடிமை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்தியாவுக்கு 1841-இல் சட்ட ஆணையத்தின் அறிக்கையும், 1843-இல் ஐந்தாம் சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்தில் நான்கே பிரிவுகள். வரிப் பாக்கிக்கோ தீர்ப்பை நிறைவேற்றவோ அதிகாரி எவரும் அடிமையை விற்கக் கூடாது. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்பதால் ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம். இலங்கை 1844-இல் ஒழித்தது. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் அதுவரை சட்டப்படியே அடிமைகள்.

ஒழிப்பை இங்கிலாந்தின் மனச்சாட்சிக் கதையாக மட்டும் எழுதுவது பாதி உண்மை. அங்கே எழுந்த கிறிஸ்தவ அடிமை எதிர்ப்பு இயக்கத்தின் அழுத்தம் மெய்யானது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1834 முதல் மொரிஷியசும் தொடர்ந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களும் கூலியாட்களை அள்ளிக்கொண்டிருந்தன. 1860-இல் நேட்டாலும் சேர்ந்தது. ஊரைவிட்டு நகரக் கூடிய ஆள் அப்போது சாம்ராஜ்யத்துக்குத் தேவைப்பட்டார். பண்ணையை விட்டு ஓடியவர்களின் துணிவும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். கப்பலேறியவர்களுக்கு அங்கே காத்திருந்தது ஒப்பந்தக் கூலி என்ற வேறொரு கட்டு.

உள்ளூரிலும் கட்டு அவிழவில்லை. 1859-இன் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 1920-களின் நடுப்பகுதி வரை அது உயிரோடு இருந்தது. ஒரு கையால் அடிமை உரிமையை மறுத்த அரசு, மறு கையால் முன்பணத்துக்குக் காவல் நின்றது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை, நிலமில்லாமல் விடுதலை இல்லை என்பதை எடுத்துக்காட்டியது. அதைத் தொடர்ந்து 1892-இல் பிறந்ததே பஞ்சமி நில ஒதுக்கீடு.

தஞ்சையில் பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுவதும் நின்றது சட்டத்தால் அல்ல. சீனிவாச ராவும் மணலி கந்தசாமியும் கட்டிய விவசாயிகள் சங்கம் போராடி, 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்கியது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் சங்கக் கொடியை விடாததுமே அவர்கள் செய்த குற்றம். குற்றம் சாட்டப்பட்டிருந்த பண்ணையார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

1976-க்குப் பின்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 1975 அக்டோபர் 25 முதல் செல்லும். கடன் முழுதும் ரத்து. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் வட மாவட்டங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு, கரும்பு வெட்டு என்று முன்பணம் வாங்கிப் போன இருளர், தலித் குடும்பங்கள் இன்றும் மீட்கப்படுகின்றன. வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு, மீதி கடனில் கழிவு, பிள்ளைகளும் வேலையில்: முறை மாறவில்லை. சூளைக்காரர், ஆள் பிடிக்கும் மேஸ்திரி, அட்டவணைப்படி கூலி தரப்படுகிறதா என்று கேட்காத அதிகாரி, விலை மட்டும் பார்த்துக் கல் வாங்கும் நாம் என்று பொறுப்பும் பழையபடியே பலரிடம் பரவிக் கிடக்கிறது.

மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். மறுவாழ்வு உதவி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய். முறையீடு கொடுக்கப் பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்பதில்லை. கண்டவர் எவரும் தெரிவிக்கலாம். கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் உள்ளவர்கள் அணுக வேண்டிய இடம் திருவண்ணாமலை கோட்டாட்சியர் அலுவலகம்.