மரம் வைத்த மழைக் கணக்கு

தேக்கை அறுத்த அடிக்கட்டையில் வட்டம் வட்டமா கோடுகள் பார்த்திருப்பீங்க. பட்டைக்கு உள்பக்கம் உள்ள வளரும் படலம், பருவத் தொடக்கத்தில் துளை பெரிதான வெளிர்க்கட்டையையும் பிற்பாடு நெருக்கமான கட்டையையும் உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வளையம், ஒரு வயசு. தென்னை, பனையில் தேடாதீங்க, கிடையாது.

வறட்சியில் வளையம் நூலாட்டம் மெலிந்துவிடும். அமெரிக்காவில் டக்ளஸ் என்ற வானநூல் அறிஞர், சூரியப் புள்ளிகளை ஆராயத்தான் வளையம் எண்ணப் புறப்பட்டார். எங்கே போய் எங்கே வந்தார் பாருங்க! உயிருள்ள பைன் மர வளையங்களோடு பாழடைந்த வீடுகளின் உத்திர வளையங்களைப் பொருத்திப் பின்னோக்கிப் போனார். நடுவில் ஒரு கண்ணி கிடைக்கவில்லை. 1929 ஜூனில் அரிசோனாவின் ஷோ லோ ஊரில் கிடைத்த கருகிய உத்திரத் துண்டு அதை இணைத்தது.

1276 முதல் 1299 வரை வளையங்கள் ஒடுங்கிக் கிடந்தன. மேசா வெர்டே மலைக்குடைவுகளில் கல்வீடு கட்டி மக்காச்சோளம் விளைவித்த குடியானவர்கள், அந்தக் காலத்தில்தான் வீடுவாசலை விட்டுத் தெற்கே போனாங்க. சண்டைச் சச்சரவும் இருந்தது. பஞ்சத்தை மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்கள் எழுதிவைத்த ஏடு ஏதும் இல்லை. உத்திரக்கட்டைதான் வருஷம் சொன்னது.

வயசு பார்க்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. துளைக்கருவியால் பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி எடுத்தாலே போதும்.