பூதத்தைப் பலமாக்குவது எப்படி? மேசை விளையாட்டு ஒன்றில் நான் கற்றவை

சனிக்கிழமை இரவுகளில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அக்காவின் மூன்று பிள்ளைகளும் அவர்களது நண்பன் ஒருவனும் இருப்பார்கள். மேசையில் கடதாசி, பென்சில், இருபது முகப் பகடை. விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். 1974 ஆம் ஆண்டு அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரது பெயரில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னை நினைத்துக் கதைத்து விளையாடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். வழியில் வரும் பூதங்களும் அவர் பொறுப்பே. எங்கள் மேசையில் அது நான்.

கதை நடத்தும் பலரும் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "மாமா, உங்கட பூதம் சும்மா செத்துப் போகுது." அதைப் பலமாக்கும் வழிகளையே இங்கு எழுதுகிறேன்.

உயிரைக் கூட்டினால் போதுமா?

ஒவ்வொரு பூதத்துக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. அடி விழ விழக் குறையும். பூச்சியம் வந்தால் அதன் கதை முடிந்தது. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ட்ரோல் எனும் பூதத்துக்கு 84 புள்ளிகள். நான் ஒருமுறை அதை 168 ஆக்கினேன். அதனால் எவருக்கும் பயம் வரவில்லை, சண்டைதான் இழுபட்டது. சின்னவன் சோபாவில் நித்திரையாகி விட்டான்.

எண்ணை மாற்றுவதானால் பூதத்தின் உயிரைக் கூட்டுவதை விட, அது கொடுக்கும் அடியைக் கூட்டுவது நல்லது. சண்டை குறுகும், ஆபத்து கூடும். 2008 இல் வந்த நான்காம் பதிப்பில் சண்டைகள் நீளுகின்றன என்று விளையாடியவர்கள் குறைப்பட்டார்கள். 2010 இல் வெளியான அப்பதிப்பின் மூன்றாவது பூத நூலில் அடியின் அளவு கூட்டப்பட்டது.

நால்வருக்கு எதிராக ஒன்று

பெரிய பூதம் தோற்பதற்கு இன்னொரு காரணம் முறை. நான்கு வீரர்கள் நான்கு முறை அடிக்க, அது ஒரு முறைதான் திருப்பி அடிக்கும். ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. வளர்ந்த சிவப்பு ட்ராகன், மற்றவர்களது முறை முடியும்போது இடையில் புகுந்து சிறு செயல்களைச் செய்யலாம். ஒரு சுற்றுக்கு இப்படி மூன்று. மந்திரத்தில் அகப்பட்டாலும் நாளுக்கு மூன்று தடவை அதிலிருந்து தப்பிக்கொள்ளலாம்.

இதைவிட இலகுவான வழி, பூதத்துக்குத் துணை கொடுப்பது. நான்காம் பதிப்பில் ஒரேயொரு உயிர்ப்புள்ளி கொண்ட அடியாட்கள் இருந்தார்கள். ஓர் அடி பட்டால் விழுவார்கள், ஆனால் விழும்வரை வீரர்களின் கவனத்தைப் பிரிப்பார்கள். பாதி உயிர் போனதும் புதிய பலம் பெறும் பூதங்களும் அப்பதிப்பில் உண்டு. ட்ராகன் உடனேயே மீண்டும் நெருப்பைக் கக்கும். எந்தப் பூதத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

இடமும் புத்தியும்

செலவில்லாத வழி, பூதத்துக்குப் புத்தி கொடுப்பது. 1987 நவம்பரில் வந்த ட்ராகன் சஞ்சிகையின் 127 ஆவது இதழில் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய ஒரு பத்தி இன்றுவரை பேசப்படுகிறது. டக்கர் என்பவர் நடத்திய கதையில் வந்த கோபோல்ட்களைப் பற்றியது அது. கோபோல்ட் மிகப் பலவீனமான சிறு பூதம். அக்கால விதிப்படி அதற்கு ஒன்று முதல் நான்கு வரைதான் உயிர்ப்புள்ளி. ஆனால் அவை சுரங்கப் பாதைகளை அறிந்திருந்தன. தீயையும் புகையையும் ஆயுதமாக்கின, மறைவிலிருந்து எய்துவிட்டு ஓடின. அனுபவம் மிக்க வீரர்களே பயந்து ஓடினார்கள்.

ஆகவே பூதத்தை மேசைக்குக் கொண்டுவர முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு என்ன வேண்டும்? இந்த இடத்தில் வீரர்களுக்குத் தெரியாத எது அதற்குத் தெரியும்? எந்தக் கட்டத்தில் அது தப்பி ஓடும்? சாகும்வரை நின்று அடிபடும் பூதத்தை விட, காயத்தோடு தப்பிப்போய் அடுத்த கிழமை ஆட்களோடு திரும்பி வரும் பூதத்தையே பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

எல்லை எங்கே?

டக்கரின் கோபோல்ட்களை நானும் செய்து பார்த்தேன். அன்று அக்காவும் விளையாட இருந்தார். அவர் வன்னியிலிருந்து வந்தவர். விளக்கு அணைந்தது, மேலே அதிர்கிறது, மண் கொட்டுகிறது, புகை வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பிள்ளைகள் உற்சாகமாக இருந்தார்கள். அக்கா பகடையை மெல்ல வைத்தார்.

"தம்பி, பூதம் எவ்வளவு பெலமாயும் இருக்கட்டும். பங்கர் மட்டும் வேண்டாம்."

இத்தனை நாள் பயத்தைக் கூட்டுவது பற்றியே யோசித்தேன். யாருக்கு எந்தப் பயம் கதையோடு முடியாது என்பதை ஒருநாளும் கேட்கவில்லை.

இதற்கும் ஒரு வழிமுறை ஏற்கெனவே இருந்தது. ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கியது. புள்ளடி போட்ட ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. விளையாட்டைத் தொடங்க முன்னரே, எவையெல்லாம் கதையில் வரக்கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. போரைக் கண்டவர்கள் இருக்கும் மேசையில் இதைச் செய்யாமல் கதையைத் தொடங்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை அட்டையை வைத்தேன். கோபோல்ட்களை மரங்கள் அடர்ந்த காட்டுக்கு மாற்றினேன். புத்தியையும் மறைவையும் அப்படியே விட்டேன். அவை இரண்டு வீரர்களை விழுத்தின. அக்காவின் மந்திரவாதி ஆற்றில் குதித்துத் தப்பினாள். "உன்ர கோபோல்ட்டுகளுக்கு நான் அடுத்த கிழமை காட்டுறன்" என்று சொல்லிவிட்டு, அக்கா தேத்தண்ணி போட எழும்பினார்.